வாட்ச்மேனின் ஒற்றை அலமாரி

என் கணவருக்கு எங்கள் அலுவலகம் வைத்த பெயர் வாட்ச்மேன். அவர் காவல் காத்தது ஒரு பெரிய மருத்துவமனையின் கணினிகளை. அவரைக் கேட்காமல் அவற்றுக்குள் ஈ, காக்காய் நுழைய முடியாது. நான் வேலை பார்க்கும் நிறுவனம், ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தொகுத்து டாக்டர்களுக்கு அனுப்பும் மென்பொருளைச் செய்கிறது. அதை வாங்குகிறவர்களின் கணினியில் கொண்டுபோய் இறக்குவதற்கான பொட்டலத்தைக் கட்டுவது என் பொறுப்பு. ஆக, எனக்கும் அவருக்கும் முட்டிக்கொள்ளாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

முதல் முறை போனில் வந்தபோதே குரலில் ஒரு நிதானம் இருந்தது. எனக்கு நிதானமானவர்களைக் கண்டால் எரிச்சல் வரும்.

"மேடம், உங்க சாஃப்ட்வேர டெஸ்ட் மெஷின்ல போட்டுப் பார்த்தேன்."

"நல்லா ஓடுதா சார்?"

"ஓடுது. வீடு பூரா ஓடுது."

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாததுபோல் இருந்தேன்.

"புரோகிராம் யூஸர் ஃபோல்டர்ல கிடக்கு, அதோட லைப்ரரி இன்னொரு மூலையில கிடக்கு, செட்டிங் எல்லாம் வேற எங்கயோ. போதாக்குறைக்கு உங்க ஃபைல் ஒண்ணு சிஸ்டத்தோட ஃபைல் மேலயே ஏறி உக்காந்திருக்கு. இதெல்லாம் ஆப்ட்ல இருக்கணும் மேடம்."

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. யூனிக்ஸ், லினக்ஸ் வகைக் கணினிகளில் 'யூஸர்' என்று பெரிய ஃபோல்டர் ஒன்று உண்டு. அது சிஸ்டத்தின் சொந்த வீடு. சிஸ்டத்தைத் தயாரிக்கிறவர்கள் தங்கள் சாமான்களை அதில் அடுக்கி அனுப்புவார்கள். புதிய பதிப்பு வரும்போது அவர்களே மாற்றி அடுக்குவார்கள். இடையில் வெளியாள் ஒருவர் தன் பெட்டியை அங்கே வைத்தால், ஒன்று அவர் பொருள் நசுங்கும், இல்லாவிட்டால் அவர் அடுத்தவர் பொருளை நசுக்குவார். அதனால் வெளியிலிருந்து வருகிற மென்பொருளுக்கென்றே 'ஆப்ட்' என்று தனி ஃபோல்டர் இருக்கிறது. அதற்குள் நம் பெயரில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, சட்டி பானை முதல் சகலத்தையும் அதற்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். பொது இடத்தில் நமக்கென்று ஒரு சின்ன சுட்டி மட்டும் மாட்டலாம். யாராவது நம் பெயரைச் சொன்னால் அந்தச் சுட்டி அவர்களை நம் அறைக்கு அழைத்து வரும்.

இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. யூஸரில் கொட்டிவிட்டால் எங்களுக்கு வேலை மிச்சம், அவ்வளவுதான். மற்ற வாடிக்கையாளர்கள் யாரும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. இவர் ஒருவர்தான் டார்ச் லைட் அடித்துப் பார்த்தார்.

"சரி, யூஸர்ல வேணாம். லோக்கல் ஃபோல்டர்ல போட்டுத் தரவா?"

"அது என் இடம் மேடம். ஆஸ்பத்திரிக்குன்னு நானே எழுதற சின்னச் சின்ன புரோகிராமுக்கு வெச்சிருக்கேன். அதுல நீங்க வந்து உக்காந்தா நான் எங்க போறது?"

"ஒரு மூலையில இடம் குடுக்கறது."

"தனி ரூமே தர்றேங்கறேன். நீங்க மூலை கேக்கறீங்க."

பக்கத்து மேசைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு மானம் போயிற்று.

"எதுக்கு சார் இவ்வளவு பிடிவாதம்?"

"நாளைக்கு உங்க சாஃப்ட்வேர் வேணாம்னு முடிவாச்சுன்னு வைங்க. ஆப்ட்ல இருந்தா அந்த ஒரு ஃபோல்டர அழிச்சா போதும், தடயமே இருக்காது. இப்படி இறைச்சு வெச்சா, நீங்க போனப்பறமும் உங்க மிச்சம் எங்கயாவது காலை இடறிக்கிட்டே இருக்கும்."

"இன்னும் வந்தே சேரல. அதுக்குள்ள அனுப்பறதப் பத்திப் பேசறீங்க."

"வர்றப்பவே பேசிக்கிறதுதான் நல்லது."

"அப்ப யூஸருக்குள்ள வெளியாள் வரவே முடியாதா?" என்று வீம்புக்குக் கேட்டேன்.

"வரலாமே. சிஸ்டத்தைத் தயாரிக்கறவங்களே உங்க சாஃப்ட்வேர் பிடிச்சுப்போய், தங்களோட தொகுப்புல சேத்துக்கிட்டா, அவங்க கையாலயே யூஸர்ல வைப்பாங்க. அப்பறம் உங்கள வெளியாள்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ஆனா அத அவங்கதான் செய்யணும். நீங்களா போய் உக்காரக் கூடாது."

கடைசியில் நான்தான் இறங்கி வந்தேன். பொட்டலத்தைப் பிரித்து ஆப்ட்டுக்கு ஏற்றபடி கட்டினேன். ஒவ்வொரு முறையும் அவர் ஏதாவது ஒரு குறை கண்டுபிடித்தார், நான் ஏதாவது ஒன்று திட்டினேன். ஒரு வாரம் அவர் கூப்பிடவில்லை. திட்டுவதற்கு ஆள் இல்லாமல் எனக்கு வேலையே ஓடவில்லை. நேரில் பார்த்துச் சரிசெய்யலாம் என்று ஒரு பொய்க் காரணம் சொல்லி மருத்துவமனைக்குப் போனேன். கணினி அறையின் குளிரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, தடித்த கண்ணாடியோடு, ஒல்லியாக ஒருவர் எழுந்து நின்றார். டீ வாங்கிக் கொடுத்தார். அப்புறம் நடந்ததையெல்லாம் விவரித்தால் என் மகள் என்னைக் கிண்டல் செய்வாள். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது அவள் ஏழாம் வகுப்பு. அவளுடைய அப்பாவும் நானும் பிரிந்தபோது அவள் பொடிசு. அவர் நல்ல மனிதர்தான், எங்களுக்கு ஒத்துவரவில்லை. வேறு ஊர், வேறு குடும்பம் என்று போய்விட்டார். போகும்போது துணிமணியை எடுத்துக்கொண்டார். மற்றதெல்லாம் வீட்டில் தங்கிவிட்டது. மெத்தைக்கு அடியில் ஒரு சாக்ஸ், கருவிப் பெட்டியில் அவர் சீப்பு, மின்பெட்டிக் கதவில் எந்த சுவிட்ச் எந்த அறைக்கு என்று அவர் கையெழுத்து. ஒவ்வொன்றாக வருடக்கணக்கில் வெளியே வந்தபடி இருந்தது. வரும்போதெல்லாம் மகள் இரண்டு நாள் பேச மாட்டாள். ஒருமுறை டிவி மேசையின் பின்னாலிருந்து அவருடைய பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு கிடைத்தது, உள்ளே ஒன்றுமில்லாமல். அதை மட்டும் அவள் எடுத்துப் போய்த் தன் அறையில் வைத்துக்கொண்டாள். நான் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பு இதையெல்லாம் வாட்ச்மேனிடம் சொல்லியிருந்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பின்னால் தோன்றியது.

அவர் எங்கள் வீட்டுக்குக் குடிவந்த அழகைப் பார்க்க வேண்டுமே. ஒரு பெட்டி, ஒரு முதுகுப்பை, கூடவே கதவு வைத்த சின்ன இரும்பு அலமாரி ஒன்று. அலமாரியைப் படுக்கையறை மூலையில் சுவரோடு ஒட்டி வைத்தார். சட்டை, புத்தகம், மருந்து, நகவெட்டி, ஷூ பாலிஷ் எல்லாம் அதற்குள் போயின. ஷூ கூட அதன் கீழ்த் தட்டில்தான். வாசலில் ஷூ அலமாரி இருக்கிறதே என்றேன். "அதுல உங்க ரெண்டு பேர் செருப்பும் அழகா இருக்கு. எதுக்குக் கலைச்சுக்கிட்டு" என்றார். காலையில் பிரஷ், பேஸ்ட், ரேஸர், சோப்பு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கூடையில் வைத்துக் குளியலறைக்குத் தூக்கிப் போவார். முடிந்ததும் ஈரம் துடைத்துத் திரும்பத் தூக்கி வருவார். ஹாஸ்டல் பையன் தோற்றான்.

வீட்டின் பொது இடத்தில் அவர் செய்த ஒரே காரியம், வாசல் கதவருகே தன் சாவிக்கு ஒரு கொக்கி மாட்டியதுதான். அதையும் எங்கள் இருவரிடமும் அனுமதி கேட்டுவிட்டுத்தான் மாட்டினார்.

மகளை அவர் 'நீங்க' என்றுதான் கூப்பிட்டார். "நீங்க சாப்பிட்டீங்களா?", "நீங்க டிவி பார்க்கறீங்கன்னா நான் அப்பறம் வர்றேன்." அவளோ, என் போன் சண்டைகளை ஒட்டுக்கேட்டு வளர்ந்தவள், அவரை வாட்ச்மேன் என்றே கூப்பிட்டாள். அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் பெருமை.

"அம்மா, அவர் ஏன் என்னை கஸ்டமர் மாதிரி கூப்பிடறார்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"மரியாதைடி."

"மரியாதையா இருக்கறவங்க எல்லாம் சீக்கிரம் கிளம்பிடுவாங்க" என்று சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

அவள் அவரை வெறுக்கவில்லை. கணக்கு வீட்டுப்பாடத்தை அவர் கண்ணில் படும்படி மேசையில் விரித்து வைப்பாள். பாட்மின்டன் மட்டையின் நரம்பு அறுந்தால் என்னைத் தாண்டி அவரிடம்தான் நீட்டுவாள். ஆனால் அவர் சிரித்தால் இவள் பாதிச் சிரிப்போடு நிறுத்திக்கொள்வாள். இன்னொரு முறை ஒருவர் போவதைப் பார்க்க அவள் தயாராக இல்லை, அதனால் வந்ததாகவே எடுத்துக்கொள்ளாமல் இருந்தாள். அவர் தங்குவார் என்று அவள் நம்ப வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அந்த மனிதரோ கூடையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கும் அலமாரிக்கும் நடந்துகொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தது. அறை அறையாகக் காலி செய்து எல்லாவற்றையும் கூடத்தின் நடுவில் குவிக்கச் சொன்னார் பெயின்டர். என் சாமான்களை எடுக்க எனக்கு ஒரு காலைப்பொழுது முழுக்கப் போயிற்று. மகளின் அறையிலிருந்து வந்துகொண்டே இருந்தது, கிணற்றில் இறைப்பதுபோல. வாட்ச்மேன் தன் அலமாரிக் கதவைச் சாத்தினார், அடியில் ஒரு பழைய துணியைக் கொடுத்தார், தள்ளிக்கொண்டு வந்து கூடத்தில் நிறுத்தினார். சாவியைக் கொக்கியிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். முடிந்தது.

மகள் கையில் பொம்மைக் குவியலோடு நின்று பார்த்தாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றார் அவர். கொஞ்சம் பெருமையாக வேறு.

அன்று சாப்பாட்டு மேசையும் குவியலுக்குள் போய்விட்டதால் மூவரும் தரையில் உட்கார்ந்து ரொட்டியும் சூப்பும் சாப்பிட்டோம். பெயின்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"வாட்ச்மேன், உங்களோடது மட்டும் ஏன் எல்லாமே ஒரே அலமாரில இருக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் உதவிக்குப் போகவில்லை. எனக்கும் அந்தப் பதில் தேவைப்பட்டது.

"நான் வெளியிலிருந்து வந்தவன் இல்லையா," என்றார் மெதுவாக. "எங்க தொழில்ல ஒரு ஒழுங்கு உண்டு. வெளியிலிருந்து வர்றது ஒரே இடத்துல இருக்கணும். வீட்டோட சாமான்ல கலக்கக் கூடாது."

"கலந்தா?"

"நாளைக்கு ஏதோ சரிப்பட்டு வரலன்னு வைங்க. உங்களுக்கு என்னைப் பிடிக்கலன்னு வைங்க. அப்ப இந்த அலமாரிய மட்டும் வெளிய தள்ளினா போதும். அதுக்கப்பறம் என் சீப்பு, என் சாக்ஸுன்னு எதுவும் உங்க கையில மாட்டி உங்களைக் கஷ்டப்படுத்தாது."

சூப் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். இத்தனை மாதமும் நான் மரியாதை என்றும் கூச்சம் என்றும் நினைத்துக் கிண்டல் செய்துகொண்டிருந்த காரியம் இது. அந்த மனிதர் மேல் எனக்குப் பாசம் பொங்கியது. கூடவே அந்த சூப்பை அவர் தலையில் ஊற்றலாம் போலவும் இருந்தது.

"வந்தே சேரல," என்றேன். "அதுக்குள்ள அனுப்பறதப் பத்திப் பேச்சு. அன்னிக்கும் இதேதான், இன்னிக்கும் இதேதான். நான் என்ன சாஃப்ட்வேரா வாங்கினேன்? ஆப்ட்ல இருக்கறதுக்கா உங்களைக் கட்டிக்கிட்டேன்?"

"கோபப்படாத. அவங்களுக்காகத்தான்..."

"அவங்க இல்ல, அவ. உங்க எதிர்லதான் உக்காந்திருக்கா."

மகள் எங்கள் சண்டையில் கலந்துகொள்ளவில்லை. ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு யோசித்தாள். அவளுக்கு அம்மாவின் கோபத்தைவிட அவருடைய ஒழுங்கில்தான் அக்கறை இருந்தது.

"அப்ப வெளியிலிருந்து வந்தது, எப்பவும் வெளியதானா? உள்ள வரவே முடியாதா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நேரம் கடத்த வேண்டுமென்றால் அதைத்தான் செய்வார்.

"வரலாம்," என்றார். "ஆனா வந்தவன் தானா செய்யக் கூடாது. வீட்டுக்காரங்க எடுத்து வெச்சுக்கணும்."

"ம்" என்றாள் அவள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அந்த 'ம்' எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. நாங்கள் இருவரும் அவரவர் கோபத்தோடும் வருத்தத்தோடும் கூடத்துக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தோம்.

சுவர் காய்ந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு மருத்துவமனையில் பெரிய வேலை. எல்லாக் கணினிகளுக்கும் சிஸ்டத்தின் புதிய பதிப்பை ஏற்றும் நாள். அவர் விடிந்ததும் கிளம்பிவிட்டார். நான் சாமான்களைத் திரும்ப வைக்கத் தொடங்கியபோது மகள் வந்து தடுத்தாள்.

"நீ உன் ரூமைப் பாரும்மா. கூடத்துல இருக்கறத நான் அடுக்கறேன்."

தானாக வந்து வேலை கேட்கிற பிள்ளையைச் சந்தேகிக்க வேண்டும் என்ற புத்தி எனக்கு அன்று வேலை செய்யவில்லை. சரி என்றேன். என் அறையை முடித்துக் கடைக்குப் போய் வருவதற்குள் இரும்பு அலமாரியையும் அதன் மூலைக்குத் தள்ளி வைத்திருந்தாள். மாலையில் வாட்ச்மேன் துவண்டு போய் வந்தார். ஆனால் முகத்தில் ஒரு திருப்தி.

"உன் சாஃப்ட்வேர் அசையாம இருந்தது, தெரியுமா? ஸ்கேன் பிரிவுக்கு இன்னொரு கம்பெனிக்காரங்க யூஸர்ல போட்டு வெச்சது மொத்தமும் நசுங்கிப் போச்சு. ஒரு நாள் பூரா அதை மறுபடி கட்டினேன். உன்னோடது ஆப்ட்ல சமத்தா உக்காந்திருந்தது."

"சந்தோஷம்" என்றேன். என் குரலில் இன்னும் சூப்பின் சூடு ஆறியிருக்கவில்லை. அவர் அதற்கு மேல் பேசாமல் கூடத்து சோஃபாவில் சாய்ந்தார். கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தவர், போட்ட சட்டையோடு அப்படியே தூங்கிப்போனார். மகள் ஒரு போர்வை கொண்டுவந்து போர்த்தினாள். நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன்.

மறுநாள் காலை எங்கள் வீடு எல்லா வீடுகளையும்போல் ஓடிக்கொண்டிருந்தது. அடுப்பில் பால், இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் யூனிஃபார்ம், வாசலில் இன்னும் சற்று நேரத்தில் பள்ளி வேன். படுக்கையறையிலிருந்து அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. நான் எட்டிப் பார்த்தேன்.

அலமாரிக்குள் பாட்மின்டன் மட்டைகளும், போன வருடத்துப் பாடப் புத்தகங்களும், அவளுக்குச் சின்னதாகிப்போன மழைக்கோட்டும் இருந்தன. வாட்ச்மேனின் பொருள் என்று ஒரு துரும்பு இல்லை. அவர் முகம் வெளுத்திருந்தது. பாவம், தன்னை வெளியே தள்ளிவிட்டார்கள் என்றே நினைத்துவிட்டார்.

"எல்லாத்தையும் எடுத்துட்டாங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

"குளியலறைல போய்ப் பாருங்க," என்றேன். எனக்கு அப்போதுதான் விஷயம் மெல்லப் பிடிபட்டது. பல் தேய்க்கப் போனபோது அங்கே இருந்த கோப்பையில் மூன்று பிரஷ் இருந்ததைப் பார்த்தும் உறைக்கவில்லை.

அவர் போனார். கோப்பையில் அவர் பிரஷ். கண்ணாடித் தட்டில் என் கிரீமுக்கும் அவளுடைய ரிப்பன்களுக்கும் நடுவில் அவர் ரேஸர். திரும்பி வந்து என் துணி அலமாரியைத் திறந்தார். அதுவரை அவர் அதன் கைப்பிடியைக் கூடத் தொட்டதில்லை. என் சட்டைகளுக்கு இடையில் அவர் சட்டைகள், ஒன்று விட்டு ஒன்றாக. ஷூ வாசலில் எங்கள் செருப்புகளோடு நெரிசலில் கிடந்தது. மின்சாரம் பார்க்கும் மீட்டர் சமையலறை இழுப்பறையில் கரண்டிகளோடு படுத்திருந்தது. மருந்து டப்பா என் மருந்தோடு, புத்தகங்கள் அவளுடைய கதைப் புத்தகங்களோடு, சாக்ஸ் ஒன்று ஓர் இடத்தில், அதன் ஜோடி எங்கேயோ. அந்த மனிதர் வீட்டில் உள்ள ஒவ்வொரு கதவையும் திறந்து பார்த்துக்கொண்டு போனார். நான் பாலை இறக்கி வைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன்.

அவருடைய மூக்குக்கண்ணாடி மட்டும் கிடைக்கவில்லை. அது இல்லாமல் அவருக்குக் கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் எல்லாம் மங்கல்தான்.

மகள் தலையைப் பின்னிக்கொண்டே தன் அறையிலிருந்து வந்தாள்.

"தேடுங்க, தேடுங்க. பாதி சாமானை எங்க வெச்சேன்னு எனக்கே ஞாபகம் இல்ல."

"ஏன் இப்படி...?" என்றார் அவர்.

"வீட்டுக்காரங்கதான் எடுத்து வைக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க. வெச்சுட்டேன்." ரப்பர் பேண்டைப் பல்லால் கடித்து இழுத்தாள். "இனிமே உங்களை அனுப்பணும்னா வீட்டையே ஃபார்மட் பண்ணணும்."

அவர் கூடத்தின் நடுவில், ஒரு கையில் ஒற்றை சாக்ஸோடு நின்றார். கண்ணில் நீர் தளும்பியது எனக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்திருக்கும். வாசலில் வேன் ஹாரன் அடித்தது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினாள்.

"அடியே, நில்லு," என்று அவர் கத்தினார். அந்த வீட்டில் அவர் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. "என் கண்ணாடிய எங்கடி வெச்சே?"

அவள் படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. பாதியில் நிறுத்தவில்லை.

"ஃப்ரிட்ஜ் மேல."

ஃப்ரிட்ஜின் மேலே அவர் தடவித் தடவி எடுத்தது ஒரு பழைய கண்ணாடிக் கூடு. ஓரத்தில் தோல் உரிந்திருந்தது. அது யாருடையது என்று நான் சொல்லத் தேவையிருக்கவில்லை, நான்தானே கல்யாணத்துக்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லி வைத்திருந்தேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். அப்புறம் திறந்து, தன் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அன்று அவர் வேலைக்குத் தாமதமாகத்தான் போனார், ஜோடி சேராத சாக்ஸோடு. மாலையில் வந்ததும் சாவியைக் கொக்கியில் மாட்டினார், ஷூவைக் கழற்றி எங்கள் செருப்புகளை இடித்துத் தள்ளிவிட்டு நடுவில் வைத்தார். முகம் கழுவக் கண்ணாடியைக் கழற்றியவர், அதை அந்தக் கூட்டில் வைத்து மூடி, எடுத்த இடத்திலேயே, ஃப்ரிட்ஜின் மேல் வைத்தார்.